ஆளில்லாத மண்டபமும் ஆள் கொள்ளாத மண்டபமும்

நசரத்பேட்டையில் ரயில் கிடையாது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் எங்கள் ஊரில் ராத்திரி முழுக்க லாரிச் சத்தம் கேட்கும், ஆம்னி பஸ் ஹாரன் கேட்கும், ரயில் கூவுவது மட்டும் கேட்காது. 1850களில் மதராஸ் ரயில்வே கம்பெனி மேற்கே பாதை போட்டபோது, பூந்தமல்லி வழியாகப் போன பழைய பெருவழியை அப்படியே விட்டுவிட்டு வடக்கே ஒதுங்கிக்கொண்டது. பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று தண்டவாளம் அந்தப் பக்கமாகப் போய்விட்டது. இப்போது பூந்தமல்லி மெட்ரோவை இந்த ரோட்டோரமாகவே பரந்தூர் வரை நீட்டப் போவதாகச் சொல்கிறார்கள். வரட்டும், வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆக, எங்களுக்கு ரயில் என்றால் தேடிப்போய் ஏறுவதுதான். அதற்கு இரண்டு வழிகள். பூந்தமல்லி வந்து ஆவடி பஸ் பிடித்தால், அங்கே பீச் போகிற மின்ரயில் கிடைக்கும். பெரம்பூர், வியாசர்பாடி ஜீவா, வண்ணாரப்பேட்டை தாண்டி ராயபுரத்தில் நிற்கும். இல்லாவிட்டால் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கிழக்கே நேராகப் போனால் எழும்பூர் ஸ்டேஷனின் பின்வாசல். அந்த ரோட்டுக்குப் பெரியார் பெயர் வைத்து வெகுகாலம் ஆகிறது, ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அது இன்னும் 'பூந்தமல்லி ஐரோடு'தான்.

ஒரே நாளில் இரண்டு ஸ்டேஷனையும் பார்ப்பது என்று போன மாதம் கிளம்பினேன். ஆவடியிலிருந்து வந்த ரயிலில் மத்தியான நேரம், கூட்டம் இல்லை. ராயபுரத்தில் எழுந்து வாசலுக்கு வந்தபோது எதிர் சீட்டுக்காரர், "சார், பீச் அடுத்த ஸ்டேஷன்" என்றார். நான் தவறி இறங்குகிறேன் என்று நினைத்துவிட்டார். ராயபுரத்திலேயே இறங்க ஒருவனுக்குக் காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இந்த வண்டி ஓடிவந்த பாதைதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு இந்த ராயபுரத்தில் அதைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், ரயில் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. முதல் பெட்டிகளைக் கட்டிக்கொடுத்தது மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனி. பம்பாயில் 1853 ஏப்ரலில் தானே வரைக்கும், கல்கத்தா பக்கம் 1854 ஆகஸ்டில் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரைக்கும் ரயில் ஓடிவிட்டது. மதராஸ் மூன்றாவதாக வந்தது. ஆனால் பம்பாயின் முதல் போரிபந்தர் ஸ்டேஷன் இருந்த இடத்தில் விக்டோரியா டெர்மினஸ் எழும்பிவிட்டது. ஹௌராவின் முதல் ஸ்டேஷனும் போய், இப்போதுள்ள பெரிய கட்டடம் வந்துவிட்டது. அதனால், மூன்றாவதாக வந்த ராயபுரம்தான் இந்தியாவில் இன்றும் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம்.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். 'இந்தியாவின் முதல் ரயில்' என்று தானேயைப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோம். அதற்குப் பதினாறு வருஷம் முன்னால், 1837இலேயே செங்குன்றம் பக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ரோடு போட ஜல்லிக்கல் சுமந்துவர ஒரு தண்டவாளம் இருந்தது. காவிரி, கோதாவரி அணைகளால் பெயர்பெற்ற ஆர்தர் காட்டன் முன்நின்று செய்த வேலை அது. ஆள் ஏற்றாமல் கல் ஏற்றியதால் பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கு ஸ்டேஷனும் இல்லை, மிச்சமும் இல்லை.

பிறப்பிலேயே ராயபுரமும் எழும்பூரும் எதிரெதிர் கம்பெனிகள். ராயபுரம் மதராஸ் ரயில்வேயின் பிள்ளை. அந்தக் கம்பெனி 1908இல் தெற்கு மராட்டா ரயில்வேயோடு சேர்ந்து 'எம் அண்ட் எஸ்.எம்.' ஆனது. எழும்பூர் தென்னிந்திய ரயில்வேயின் பிள்ளை. அதற்குத் தலைமையகம் திருச்சி, பாதை பெரும்பாலும் மீட்டர் கேஜ், ஓடியது எல்லாம் தெற்குச் சீமை. இரண்டு கம்பெனிகளும் தனித்தனிக் கொடி பிடித்த ராஜ்யங்கள் மாதிரி இருந்தன. 1951 ஏப்ரல் 14இல் மைசூர் ரயில்வேயையும் சேர்த்துத் தெற்கு ரயில்வே என்று ஒன்றாக்கிய பிறகுதான் இரண்டு நிலையங்களுக்கும் ஒரே முதலாளி.

ராயபுரத்தை அந்த இடத்தில் வைத்தது வியாபாரிகளுக்காக. கறுப்பர் நகரம் என்று அன்று சொன்ன ஜார்ஜ் டவுனும் கடற்கரையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. கட்டடத்தைப் பார்த்தாலும் கம்பெனி ஆபீஸ் மாதிரிதான் இருக்கும்: நீளவாக்கில் தாழ்ந்த கட்டடம், முன்னால் வரிசையாகக் கிரேக்க பாணித் தூண்கள். கோபுரம், குவிமாடம் என்று எதுவும் இல்லை. வெள்ளைக்காரன் 1850களில் தன்னை ரோமாபுரிக்காரனாக நினைத்துக்கொண்ட காலத்துக் கட்டடம் அது.

எழும்பூரைக் கட்டியபோது அந்த நினைப்பு மாறிவிட்டது. 1905 செப்டம்பரில் வேலை ஆரம்பித்து 1908 ஜூன் 11 அன்று திறந்தார்கள். வரைந்தவர் ஹென்றி இர்வின். சிம்லாவில் வைஸ்ராய் மாளிகை, மைசூர் அரண்மனை, நம் உயர்நீதிமன்றம் என்று அவர் கை பட்ட கட்டடங்களின் பட்டியல் நீளும். (ஸ்டேஷன் எதிரே உள்ள காந்தி இர்வின் சாலையில் இருக்கும் இர்வின் இவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் காந்தியோடு ஒப்பந்தம் போட்ட வைஸ்ராய்.) கட்டிமுடித்தவர் பெங்களூரு ஒப்பந்ததாரர் டி. சாமிநாதப் பிள்ளை, செலவு 17 லட்சம் ரூபாய். இடத்தில் ஒரு பகுதி புல்னி ஆண்டி என்ற மருத்துவரிடமிருந்து வாங்கியது. சீமைக்குப் போய் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். சிவப்புச் செங்கல், வெள்ளைக் கோடுகள், கூர்வளைவு, மொகலாயக் குவிமாடம், கோயில் பாணி வேலைப்பாடு என்று எல்லாவற்றையும் கலந்து, ஆனால் கலந்தது தெரியாமல் செய்த வேலை. இந்தோ சாரசெனிக் என்று பெயர் வைத்தார்கள். ஆள்கிறவன் இந்த மண்ணின் ராஜா வேஷம் போட்டுக்கொண்ட காலம்.

ராயபுரத்துத் தூண் ஒன்றில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே செங்கல் தெரிந்தது. தூணின் அடியில் யாரோ மடித்துவைத்துப் போன சாக்கு, அதன்மேல் ஒரு நாய். மண்டபத்துக்குள் காலடிச் சத்தம் திரும்பி வந்தது. வெளியே நடைமேடையில் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர், தலையில் கூடையோடு மீன்கார அம்மா ஒருவர், அவ்வளவுதான். மூன்று பேரும் ரயிலுக்குக் காத்திருந்தார்களே தவிர ஒருவரும் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ராயபுரத்தை வெறுமையாக்கியது ஒரே அடியில் நடந்தது அல்ல. 1873இல் பார்க் டவுனில் சென்ட்ரல் வந்தது. ராயபுரத்தில் விரிய இடம் இல்லை, துறைமுகம் இடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. 1907 வாக்கில் சென்ட்ரல்தான் கம்பெனியின் முதன்மை நிலையம் என்று ஆகிவிட்டது. அப்படியும் தலைமை ஆபீஸ் ராயபுரத்தை விட்டுப் போகவில்லை. 1922இல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதிய தலைமையகம் கட்டி அதையும் கொண்டுபோனார்கள். தெற்கு ரயில்வேயின் ஆபீஸ் இன்றும் அந்தக் கட்டடத்தில்தான். அதைக் கட்டிய ஒப்பந்ததாரர் யார் தெரியுமா? எழும்பூரைக் கட்டிய அதே சாமிநாதப் பிள்ளை. எழும்பூருக்கு உயிர் கொடுத்த கையே ராயபுரத்தைக் காலி செய்ததில் எனக்கு ஒரு வேடிக்கை. பாவம், அவர் டெண்டர் எடுத்தார், வேலையை முடித்தார்.

அதன்பிறகு ஏறக்குறைய எண்பது வருஷம் ராயபுரம் கட்டடம் யார் கண்ணிலும் படவில்லை. பக்கத்தில் சரக்கு யார்டு, கிடங்குகள், எஞ்சின் ஷெட். கூரை விழுந்தது, செடி முளைத்தது. பிறகு பாரம்பரிய ஆர்வலர்கள் குரல் கொடுத்து, பழுது பார்த்து, 2005 அக்டோபர் 2 அன்று அப்போதைய ரயில்வே இணையமைச்சர் ஆர். வேலு மறுபடி திறந்துவைத்தார். மறு வருஷம் நூற்றைம்பதாம் ஆண்டு.

இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் 'எண்பது வருஷம் கவனிக்காமல் விட்டார்களே' என்று அங்கலாய்ப்பார்கள். நானும் முன்பு அப்படித்தான் பேசுவேன். இப்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. ராயபுரத்தைக் காப்பாற்றியதே அந்த மறதிதான். கூட்டம் தொடர்ந்து வந்திருந்தால் அந்தத் தாழ்ந்த கட்டடம் 1900க்கு முன்பே இடிபட்டிருக்கும். போரிபந்தருக்கும் பழைய ஹௌராவுக்கும் நடந்தது அதுதானே? அவை ஓடி ஓடி வளர்ந்தன, வளர்ந்ததால் பழசு போயிற்று. ராயபுரத்தில் இடித்துக் கட்டுவதற்குக் கூட யாருக்கும் அவசியம் வரவில்லை.

இங்கிலாந்தில் இதே கதை நடந்திருக்கிறது. மான்செஸ்டரில் 1830இல் கட்டிய லிவர்பூல் ரோடு நிலையம் உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் முனையம். பயணிகளை வேறு நிலையத்துக்கு மாற்றியதால் 1844லேயே அதன் வாசல் மூடியது. அப்புறம் 1975 வரை சரக்கு நிலையம். மூட்டை தூக்குகிற இடத்துக்கு அலங்காரம் செய்ய யாரும் பணம் போடவில்லை, இடிக்கவும் போடவில்லை. பிறகு அது அறிவியல் அருங்காட்சியகத்தின் பகுதியாகிவிட்டது. ராயபுரம் அதே வழியில் முக்கால் தூரம் வந்து நின்றுவிட்டது. சரக்கு யார்டு கட்டத்தைத் தாண்டிவிட்டது. அடுத்தது என்ன என்று யாரும் முடிவு செய்யவில்லை.

அங்கிருந்து பீச் வந்து, தாம்பரம் வண்டி மாறி, கோட்டை, பார்க் தாண்டி எழும்பூர்.

இறங்கி மேம்பாலத்தில் ஏறும்போதே ஒரு பெட்டி முழங்காலில் இடித்தது. "பாத்துப் போங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்காரர் போய்விட்டார். மண்டபத்தில் கால் வைக்க இடம் இல்லை. தூண் ஒவ்வொன்றையும் சுற்றிப் பைகள், பைகளைச் சுற்றிக் குடும்பங்கள். ஒரு பாட்டி செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார், தலைக்கு மேலே இர்வினின் வளைவு. அவருடைய தூக்குவாளி, ஒரு நூற்றாண்டாகப் பலர் முதுகு சாய்த்து வழவழப்பாகிவிட்ட தூணின் அடிக்கல்லில் இருந்தது. ராயபுரத்துத் தூணில் நான் கை வைத்தது ஒரு விசேஷம். இங்கே தூணைத் தொடாமல் நடக்கவே முடியாது.

எழும்பூர் அளவுக்குத் தமிழ்நாட்டுக்காரர் வாழ்க்கையில் கலந்த கட்டடம் மதராஸில் வேறு கிடையாது என்பேன். மதுரை, நெல்லை, தூத்துக்குடி, ராமேஸ்வரம், திருச்சி, தஞ்சை எல்லாம் இங்கேதான் வந்து இறங்கும். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி இலங்கைக்குப் போனவர்களை ஏற்றிய போட் மெயில் இங்கிருந்துதான் கிளம்பியது. சினிமாவில் வேலை தேடியும், காலேஜில் சேரவும், கல்யாணம் முடிந்து புருஷன் வீட்டுக்கும் வந்தவர்கள் முதலில் பார்த்த மதராஸ், இந்தச் சிவப்புக் கட்டடம். பிழைக்கப்போன பிள்ளையை வழியனுப்பிய அம்மாக்கள் திரும்பிப் போகும்போது கண்ணைத் துடைத்ததும் இந்தப் படிகளில்தான். ரயில்வே கணக்கில் இதன் குறியீடு இன்னும் எம்.எஸ். சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ். ஊர் சென்னையாகி எத்தனையோ வருஷம் ஆனபிறகும் டிக்கெட்டில் மதராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு பேர் மிதித்தும் கட்டடம் எப்படி நிற்கிறது? பலமுறை மாறியதால்தான் என்பது என் கணிப்பு. முன்பெல்லாம் இரண்டு நடைமேடைகளுக்கு நடுவே காரிலேயே போய் வண்டிக்குப் பக்கத்தில் இறங்கலாம். கார் வைத்திருந்தவன் நடக்கவே வேண்டாம் என்று வைத்த ஏற்பாடு அது. 1931இல் பீச்–தாம்பரம் மின்ரயில் வந்தது. 2004 ஜூலையில் அந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் நின்று, எல்லாம் அகலப்பாதை ஆனது. 2018 மே மாதம் பக்கத்தில் பூமியைக் குடைந்து மெட்ரோவும் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் உள்ளே என்னென்னவோ வெட்டி ஒட்டினார்கள். முகப்பில் மட்டும் கை வைக்கவில்லை. வைத்தால் ஊர் சும்மா இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். சட்டப் புத்தகத்தில் பாரம்பரியக் கட்டடம் என்று எழுதுவதைவிட, அதன் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்த நினைவு லட்சம் பேருக்கு இருப்பது வலுவான வேலி.

இதையே ராயபுரத்துக்குச் சொல்ல முடியாது. அதை இடித்தால் வருத்தப்பட நம்மில் சில நூறு பேர் இருப்போம். அறிக்கை விடுவோம். அதோடு சரி. அங்கே காத்திருந்த அனுபவம் யாருக்கும் இல்லை. அதன் வயதைத்தான் தெரிந்துவைத்திருக்கிறோம்.

ஆனால் இப்போது காற்று திரும்பியிருக்கிறது. எழும்பூரை மறுசீரமைக்க 734.91 கோடி ரூபாயில் பெரிய வேலை நடக்கிறது. 2022 மே 26 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டிய ஐந்து நிலையங்களில் இது ஒன்று. மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி மற்றவை. காந்தி இர்வின் சாலைப் பக்கமும் எங்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதுக் கட்டடங்கள் வருகின்றன. வேலைக்காகச் சில ரயில்களைத் தாம்பரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய கட்டடம் அப்படியே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள், நான் நம்புகிறேன். என் கவலை வேறு. பயணிகள் எல்லாரும் புது வாசல் வழியாக எஸ்கலேட்டரில் ஏறி வண்டிக்குப் போய்விட்டால், இர்வினின் மண்டபத்தில் யார் உட்காருவார்கள்? பழசை ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு கூட்டத்தை வேறு பக்கம் திருப்புவதுதான் 1907இல் ராயபுரத்துக்கு நடந்தது. விமான நிலையம் மாதிரி ஆகட்டும், பரவாயில்லை. அந்தப் பாட்டி செய்தித்தாள் விரிக்கும் இடம் மட்டும் பழைய மண்டபத்திலேயே இருக்க வேண்டும். அவர் எழுந்து போன அன்றைக்கு அது ராயபுரம் ஆகிவிடும்.

ராயபுரத்துக்கு வந்திருக்கும் ஆபத்து இதற்கு நேர் எதிர். அதை இன்னொரு முனையமாக்க வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் வெகுகாலமாகக் கேட்கிறார்கள். மூன்றாவது முனையம் தாம்பரத்துக்குப் போய்விட்டது, தெற்கேயே எல்லாம் போகிறது என்ற ஆத்திரம் நியாயமானது. யார்டில் இடமும் இருக்கிறது. ஆனால் முனையம் என்றால் நீள நடைமேடைகள், பார்க்கிங், மேம்பாலம். அந்தத் தூண் வரிசை குறுக்கே நிற்கிறது என்று ஏதாவது ஒரு வரைபடத்தில் யாராவது கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? இங்கேதான் பாரம்பரியம் பேசுகிறவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அவர்களில் பலர் அதை ரயில் அருங்காட்சியகமாக்கச் சொல்கிறார்கள். ரயில் அருங்காட்சியகம் ஐ.சி.எஃப். பக்கத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இன்னொன்று எதற்கு? முனையம் வரட்டும். பழைய மண்டபத்தில் டிக்கெட் கவுண்ட்டரைத் திறக்கட்டும், காத்திருக்க பெஞ்சு போடட்டும், ஒரு டீக்கடைக்கு இடம் கொடுக்கட்டும். பூச்சு இன்னும் கொஞ்சம் பெயரும், வெற்றிலைக் கறை படியும். படியட்டும். முதுகு சாய ஆள் வந்தால் பூசிக்கொடுக்கவும் ஆள் வருவான்.

இப்படிச் சொல்வதில் ஒரு சங்கடம் இருப்பதை மறைக்கவில்லை. 1856இல் வைத்த கல் எவ்வளவு, 2005இல் பூசியது எவ்வளவு என்று ராயபுரத்தில் இப்போதே பிரித்துச் சொல்வது கஷ்டம். கூட்டத்தை உள்ளே விட்டால் மிச்சமிருக்கும் பழசும் தேயும். எழும்பூரில் அந்தப் பிரச்சினை யாரையும் உறுத்துவதில்லை, ஏனென்றால் அங்கே தேய்மானமே அழகாகிவிட்டது. ஐம்பது வயதுக்காரருக்கு முதல் முதலாக நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மாதிரித்தான் ராயபுரத்தில் கூட்டத்தை விடவேண்டியிருக்கும், பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு.

சாயங்காலம் ஆகிவிட்டது. பூந்தமல்லி பஸ்ஸுக்குப் பின்வாசலுக்குப் போக வேண்டும். நடைமேடையில் தெற்கே போகிற ஒரு வண்டி புறப்பட நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் வழியனுப்ப வந்தவர்கள், கடைசி நேரத் தண்ணீர் பாட்டில், "போனதும் போன் பண்ணு". எஞ்சின் வரைக்கும் சும்மா நடந்தேன். மின்சார எஞ்சின்கள் எந்த ஷெட்டைச் சேர்ந்தவையோ அந்தப் பெயரைப் பக்கவாட்டில் எழுதிவைத்திருப்பார்கள். பழைய ஸ்டேஷனை ஒட்டி இருக்கிற எஞ்சின் ஷெட் இன்றைக்கும் மும்முரமாக நடக்கிறது, அங்கே பராமரிக்கிற வண்டிகள் டெல்லி வரை ஓடுகின்றன. இந்த எஞ்சினின் உடம்பிலும், எழும்பூர் விளக்கு வெளிச்சத்தில், ராயபுரம் என்று இருந்தது.

கார்டு பச்சைக்கொடி காட்டினார். ராயபுரம் எழும்பூர்க் கூட்டத்தை இழுத்துக்கொண்டு தெற்கே கிளம்பியது.